ஒரே குழியில் மிதித்த மண்

என் கூடப்பிறந்த ராசா, அண்ணா,

துக்கம் விசாரிக்க இன்னும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நல்லவன், நல்லவன் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எனக்கோ உன்மேல் கோபம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஐயனாருக்குக் குதிரை செய்ய மிராசுதார் ஒரு பிடி மண் எடுத்துக் கொடுப்பார். அதைக் களிமண்ணோடு சேர்த்து மிதித்த பிறகுதான் நாம் வேலை தொடங்குவோம். வழிவழியாக அப்படித்தான். இந்த வருஷம் தெற்குத் தெருக்காரர்களும் தங்களுக்கு ஒரு குதிரை வேண்டுமென்று பிடிமண் கொண்டுவந்தார்கள். கூலி நெல் கூட்டிக் கேட்டு, அறுப்புக்கு இறங்காமல் செங்கொடி கட்டியிருக்கிற தெரு அது. மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி, போலீஸ் காவலோடு அறுத்துக்கொண்டிருந்த நேரம். நீ மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாய். வேலை முடியுமுன்னே காய்ச்சலில் படுத்தாய், போயும்விட்டாய். மாட்டிக்கொண்டது நானும் அண்ணியும்.

இரண்டு உடம்பும் இரண்டு தலையும் நீயே செய்து வைத்திருந்தாய். பொருத்துவதுதான் பாக்கி. உன் காரியம் முடிகிறவரை அண்ணி அழுதுகொண்டே அவற்றைச் சுற்றியிருந்த சாக்கில் தண்ணீர் தெளித்தாள்.

கழுத்தும் தலையும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். ஒன்று காய்ந்திருந்தால் மற்றதை விட்டு விலகி விரிசல் கண்டுவிடும். இரண்டு விளிம்பிலும் ஈர்க்குச்சியால் கீறி, குழைத்த சேற்றைத் தடவி, தலையைத் தூக்கி வைத்தோம். வழக்கம்போல நான் முதுகுத் துளை வழியாகக் கையை விட்டுக் கழுத்துக்குள்ளிருந்து அழுத்தினேன். நீ நிற்கிற இடத்தில் அண்ணி நின்று வெளியே பலகையால் தட்டினாள். முதல் குதிரை நின்றுவிட்டது. இரண்டாவதுக்குள் கையை விட்டிருக்கும்போது பண்ணைக் காரியக்காரர் தடியாட்களோடு கொட்டகைக்குள் வந்தார்.

“கோட்டையில ஆட்சி மாறிட்டா கொல்லையிலயும் மாறிடும்னு நெனப்பா? அந்தத் தெருக் குதிரை எதுடி?”

கையை எடுத்தால் தலை சரிந்துவிடும். எடுக்காவிட்டால் தடி என்மேல்தான் விழும். என்ன செய்திருப்பாய் நீ? வெளியே தட்டிக்கொண்டிருந்த பலகை நின்றுவிட்டது.

“காட்டுறியா, ரெண்டையும் போட்டு உடைக்கவா?”

அண்ணிதான் பேசினாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள்.

“எதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க. வண்ணம் பூசறப்பதான் பிரிப்போம். அவரு ரெண்டு பிடியையும் ஒரே குழியில போட்டு மிதிச்சிட்டாருங்க. எதை உடைச்சாலும் மிராசுதாரய்யா குடுத்த மண்ணுலதாங்க அடி விழும்.”

தடி வைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமி மண்ணில் முதல் அடி யார் போடுவது? காரியக்காரர் வாசலுக்குப் போய்த் திரும்பினார். “களத்துப் பக்கம் வைக்கோலுக்கு வந்துடாதீங்க. எதை வச்சு சுடறீங்கன்னு பாக்கறேன்.”

அவர்கள் போன பிறகும் அண்ணி தட்டி முடிக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது மரத்துப் போயிருந்தது. ஏன் அண்ணா அப்படி மிதித்தாய்? வேண்டுமென்றேவா, இன்னொரு குழி வெட்டச் சோம்பலா? உன்னைத் தெரிந்தவள் என்பதால் கேட்கிறேன்.

வைக்கோல் இல்லாமல் விழித்துக்கொண்டிருந்தோம். பிறகொரு நாள் தெற்குத் தெரு வேம்பு தலைச்சுமையோடு வந்தாள், பின்னாலேயே அந்தத் தெருப் பெண்கள். வேலையில்லாமல் கஞ்சிக்கே திண்டாடுகிறவர்கள். கூரை வேய வைத்திருந்த வைக்கோல். “வேண்டாம் வேம்பு” என்றேன். “மழைக்கு இன்னும் நாள் கெடக்கு. நீங்க சூளையப் போடுங்க” என்று இறக்கிவிட்டுப் போனாள்.

சூளை போட்டாகிவிட்டது. உள்ளே ஏதோ வெடித்த சத்தம் கேட்டது. எது என்று தெரியவில்லை. நாளைக்குப் பிரிக்கும்போது காரியக்காரரும் வருகிறாராம். ஒன்றுதான் தேறியது என்றால், அது பண்ணைக்குத்தான் என்பார்.

சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணா. ஒன்றுதான் தேறினால் அது தெற்குத் தெருவுக்கு. மண் இரண்டு பேருடையதும்தானே என்று யார் கேட்டாலும் சரி. சுட்ட வைக்கோல் ஒருவருடையது.

உன் தங்கை,
அஞ்சலை