படிக்கட்டில் எடுத்த படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நான் நலம். இடது கையில் மட்டும் மாவுக்கட்டு, பதறாதே.

நேற்று மண்டபத்தில் கல்யாண ஜோடியைப் படமெடுத்தபடியே பின்னால் நடந்தேன். "அய்யோ, பின்னாடி படிக்கட்டு!" என்று மணப்பெண் கத்தினாள். விழும்போதும் என் விரல் பட்டனை அழுத்திவிட்டது. அந்தப் படத்தில் மண்டபமே என்னைப் பிடிக்கக் கை நீட்டுகிறது. இங்கே வந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ரூம்ல படுத்து ரெஸ்ட் எடும்மா" என்றார் ஸ்டூடியோ முதலாளி. "வலது கை நல்லாத்தானே சார் இருக்கு? இன்னைக்குக் கல்யாணத்துக்கும் நான்தான் போவேன்" என்றேன்.

கை லூசான சுடிதார் இரண்டு அனுப்பு. வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்து அதோடு அனுப்பு. சிரிக்கக்கூட வேண்டாம், எல்லோரும் நேராக என்னையே பாருங்கள்.

உன் மகள்