மாப்பிள்ளைக்குக் கடலை ஆகாது

இன்று காலை பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் ஒருவர் இரும்புச் சட்டியில் மணலைப் போட்டு நிலக்கடலை வறுத்துக்கொண்டிருந்தார். வாசனை வந்ததும் என் கால்கள் தாமாகவே எதிர்ப்பக்கம் போய்விட்டன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புகை வராத இடமாக ஒரு வேப்பமரத்தடியில் நின்ற பிறகுதான் நினைவு வந்தது, நீ என்னோடு இல்லை. எனக்குக் கடலை ஒன்றும் செய்யாது. கை நிறைய வாங்கித் தின்னலாம். ஆனாலும் பஸ் வரும்வரை அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. தூக்கத்திலேயே போனாய். வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு கவளத்தையும் சந்தேகப்பட்டவன், ஒரு தொந்தரவும் இல்லாமல் பாயில் படுத்தபடி போனான் என்பதை என் மனம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. உன்னைப் பார்த்துக்கொள்ளும் வேலை முடிந்துவிட்டது என்று என் உடம்புக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இப்போது இதற்கு ஒவ்வாமை என்று பெயர் சொல்கிறார்கள். நாம் இளவட்டங்களாக இருந்த அந்த யுத்த காலத்தில் 'ஆகாது' என்ற ஒரு சொல்தான் நம் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு யாரையும் நம்பவைக்க முடியாது. கத்தரிக்காய் ஆகாது என்பவருக்கு உடம்பு அரிக்கும். பூசணிக்காய் ஆகாது என்பவருக்குச் சளி பிடிக்கும். உனக்கோ அரைக் கடலை வாய்க்குள் போனாலும் உதடு தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் கேட்பவருக்கு எப்படிப் புரியும்?

நம்முடையதோ கடலை விளைகிற மண். இந்தப் பக்கம் தேங்காய்க்கு எங்கே போவது? சட்னிக்குக் கடலை, குழம்பு கெட்டிப்படக் கடலை, பலகாரத்துக்குச் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய். வீட்டில் உன் அம்மா தனிச் சட்டி வைத்திருந்தார்கள். ஆனால் நீ செய்தது சேலை வியாபாரம். உங்கள் தெருத் தறிகளில் நெய்ததை மூட்டை கட்டிக்கொண்டு காரியாபட்டிச் சந்தைக்கும் வீரசோழனுக்கும் போயாக வேண்டும். போன இடத்தில் பசிக்கும். வாத்தியாரான நானும் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் உன்னோடு கிளம்பிவிடுவேன். மூட்டைக்குத் துணை என்று ஊரார் நினைத்தார்கள்.

காரியாபட்டி காப்பி கிளப் நினைவிருக்கிறதா? நீ நேராக அடுப்படி வாசலுக்கே போய் நின்றாய். "அண்ணே, சாம்பார்ல கடலை கிடலை அரைச்சு ஊத்துறீகளா?" என்று கேட்டாய். "இல்ல தம்பி, சாமி சத்தியமா இல்ல" என்றார் சரக்கு மாஸ்டர். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் பரிமாறியவர் கடலைச் சட்னி ஊற்றிய கரண்டியை வாளி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அதையே சாம்பாருக்குள் விட்டார். இரண்டாவது இட்லி முடியுமுன் உன் உதடு வீங்கிவிட்டது. மாட்டு வண்டியில் உன்னை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஊசி போட்ட பிறகுதான் நெஞ்சு இழுப்பது நின்றது. பின்னாலேயே ஓடி வந்த மாஸ்டர், "நான் போடலையேய்யா" என்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அன்றிலிருந்து உன் கேள்விகளோடு கரண்டியும் சேர்ந்துகொண்டது. நானும் என் வாத்தியார் புத்திக்கு ஓர் உதாரணம் கண்டுபிடித்தேன். ஒரு குடம் தண்ணீரில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விழுந்தால் அந்தக் குடத்தைக் குடிக்க முடியுமா, அதுபோல என்று கடைக்காரர்களிடம் சொல்வேன். சிலருக்குப் புரிந்தது. சிலர் நம்மை வேறு கடை பார்க்கச் சொன்னார்கள். நீ சளைக்கவில்லை. "ஏலே வாத்தி, கேக்க வெக்கப்பட்டா மூச்சு நின்னுரும்லே" என்பாய். சாப்பிட்டு முடித்ததும் உடனே எழ மாட்டோம். நீ மூச்சைக் கவனிப்பாய். நான் உன் உதட்டைக் கவனிப்பேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே கை கழுவப் போவோம்.

கேட்கவே கூடாது என்று உன் வாயைக் கட்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், திருச்சுழி.

பெண் பார்க்கப் போனோம். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ், மேடு வந்த இடத்திலெல்லாம் நின்று நின்று போனது. உங்கள் வீட்டில் எல்லோரும் தெலுங்கு பேசுவார்கள்; எனக்கும் விளங்கட்டும் என்று உன் பெரியப்பா தமிழிலேயே சொன்னார்.

"அங்க போயி ஆகாது கீகாதுன்னு வாயத் தொறக்கக் கூடாது. மாப்பிள்ளைக்கு நோக்காடுன்னு ஊரெல்லாம் பேசிருவாக. வாத்தியாரே, உமக்குந்தான் சொல்றேன்."

"சாப்பிடச் சொன்னா?" என்று கேட்டாய்.

"பிடிக்கலைன்னா கை நனைக்காம எந்திரிச்சு வந்துருவோம். பிடிச்சிருந்தா ஒரு வாய் தொட்டுக்க. ஒரு வாயில எவன் செத்தான்?"

பெண் வீட்டில் சாப்பிட்டால் சம்மதம், சாப்பிடாமல் எழுந்தால் பெண் வேண்டாம் என்று அர்த்தம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கை நனைந்ததா இல்லையா என்பதே பதில். நான் உன் காதில், "பொண்ணு பிடிக்காமப் போயிட்டா தப்பிச்சோம்லே" என்றேன். நீ சிரித்தாய்.

ஆனால் நாம் பார்க்கப் போன பெண், சரசு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, குனிந்த தலையோடு திரும்பிவிடாமல், உன்னை ஒரு பார்வை நேராகப் பார்த்துவிட்டுப் போனாள். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். உனக்குப் பிடித்துவிட்டது. அடுப்படியிலிருந்து எண்ணெய் காயும் வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. அது என்ன எண்ணெய் என்று நம் இருவருக்கும் தெரியும்.

"அப்ப கை நனைச்சிருவோம்" என்றார் பெரியப்பா. இலை போட்டார்கள். பெண்ணின் அப்பா தானே வடைத் தட்டை எடுத்து வந்தார்.

"எண்ணெய்க்கு அலையிற காலம். இருந்தாலும் மாப்பிள்ளைக்குன்னு புதுக் கடலையா வாங்கி நேத்துதான் செக்குல ஆட்டுனேன். எடுத்துக்கங்க மாப்பிள்ளை."

உன் விரல்கள் இலைக்கு மேலே நின்றன. பெரியப்பா உன் தொடையை அழுத்துவது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீயே சொல்லிவிட்டாய்.

"எனக்குக் கடலை ஆகாதுங்க மாமா. வாயில பட்டா தொண்டை அடைச்சு உசுரு போயிரும். பொண்ணு பிடிச்சிருக்கு. வடைதான் பயமா இருக்கு."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "ஊரே திங்கிற கடலை உங்களுக்கு மட்டும் ஏன் ஆகாது? எங்க வீடு ஆகலைன்னா நேராச் சொல்லிட்டுப் போங்க."

நான் அவசரமாக, "அப்படி இல்லைங்க, ஒரு குடம் தண்ணியில ஒரு சொட்டு மண்ணெண்ணெய்..." என்று தொடங்கினேன்.

"நான் என்ன மண்ணெண்ணெயிலயா வடை சுட்டேன்?"

என் உதாரணம் அதோடு முடிந்தது. பெரியப்பா மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டார். எழ வேண்டியதுதான் பாக்கி. அப்போது அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பாலு ஆகுமான்னு கேளுங்கப்பா."

அவர் கேட்கவில்லை. நீயே, "ஆகும்" என்றாய்.

"வாழப்பழம்?"

"அதுவும் ஆகும்."

"அப்ப அந்த இலைய எடுத்துரச் சொல்லுங்க. கையையும் நல்லாக் கழுவிக்கிரட்டும். நான் சட்டிய வெளக்கிட்டு வாரேன்."

கொல்லைப்புறத்தில் அவள் சாம்பல் போட்டுச் சட்டி தேய்க்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பால் காய்ந்து வந்தது. நீ பழத்தை உரித்துத் தின்று பாலைக் குடித்தாய். நான் வழக்கம்போல உன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், பிறகு அவரும் உன் உதட்டையே பார்க்கத் தொடங்கினார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டு, "கல்யாணத்தன்னிக்குக் குடுக்க வேண்டிய பாலும் பழமும் இன்னைக்கே குடுத்தாச்சு. இனி யாரு மாத்த முடியும்?" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் நீ சொன்னாய்: "ஏன் ஆகாதுன்னு எல்லாரும் கேட்டாகலே. எது ஆகும்னு இவ ஒருத்திதான் கேட்டா."

அந்த வார்த்தையை நான் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோனேன். கணக்கு வராத பிள்ளையிடம் ஏன் வரவில்லை என்று கேட்பதை விட்டு, எதுவரைக்கும் வரும் என்று கேட்டேன். அங்கிருந்து தொடங்கினால் வகுத்தல்கூட வந்தது.

உன் கருமாதியன்று ஒன்று நடந்தது. உனக்குத் தெரிய வேண்டும். படையலுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பழக்கதோஷத்தில் அடுப்படிக்குப் போய், என்ன எண்ணெய் என்று கேட்டேன். "கடலெண்ணெய்தான்யா" என்றார் சமையற்காரர். உன் இலைக்கு மட்டும் நல்லெண்ணெயில் தனியாகச் சுடச் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, "இனிமே அவருக்கு அது என்னய்யா செய்யப்போகுது?" என்றார். எப்போது வந்தாளோ, சரசு என் பின்னால் நின்றிருந்தாள். ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து அடுப்பருகில் வைத்து, "அவுகளுக்கு ஆகாதுண்ணே" என்று அவரிடம் சொன்னாள். அவர் வேறு எண்ணெய் ஊற்றினார்.

இன்று அருப்புக்கோட்டையில் இறங்கியதும் பசித்தது. ஓட்டலில் உட்காருமுன் அடுப்படி வாசலுக்குப் போய், "தோசைக்கு என்ன எண்ணெய் தம்பி? கரண்டி தனியா?" என்று கேட்டேன். "ஐயாவுக்குக் கடலை ஆகாதோ?" என்றார் மாஸ்டர். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமா, ஆகாது" என்றேன். தனிக் கரண்டி போட்டு, நல்லெண்ணெய் விட்டு வார்த்துக் கொடுத்தார்.

சாப்பிட்டு முடித்த பிறகும் நான் கை கழுவப் போகவில்லை. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. இலையை எடுக்க வந்தவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நாம் வழக்கமாகக் காத்திருக்கும் அந்த நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.