பெட்டிக்குள் கிடந்த பேட்ஜ்

என் வீட்டு மேலதிகாரிக்கு,

உன் லாரி டிரைவர் எழுதிக்கொண்டது. நலம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்தத் தடவை அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது. கை நீளம். நான் இன்னும் வளர்கிற பிள்ளை என்று நினைத்தாயா? பாப்பாவுக்குப் பல் விழுந்த சேதியைப் பக்கத்துக் கட்டில்காரனுக்கும் படித்துக் காட்டினேன்.

ஒரு விஷயத்தை உன்னிடம் மறைத்துவிட்டேன். வெடித்த அணு உலைக்கு மணல் மூட்டையும் ஆட்களையும் ஏற்றிப்போவதுதான் எங்கள் படைக்கு இங்கே வேலை. உடம்பில் கதிர்வீச்சு எவ்வளவு ஏறியது என்று காட்ட ஆளுக்கொரு பேட்ஜ் மார்பில் குத்தியிருக்கும். அளவு தாண்டினால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். உலைக்குப் போகும் மேட்டில் லாரி ஏற்ற என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்குத் தலைக்கனம். பேட்ஜைக் கழற்றி, உன் கடிதங்களோடு பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனேன். மூன்று வாரம். பேட்ஜில் அளவு ஏறாததைப் பார்த்து, இவனுக்கு இரும்பு உடம்பு என்று சார்ஜென்ட்டே மெச்சினார்.

நடுவில் இரண்டு நாள் வாந்தி. பழியைச் சாப்பாட்டின் மேல் போட்டேன். பிறகு உடம்பு பஞ்சுபோல லேசாகிவிட்டது. எல்லாம் மெதுவாக, இதமாக. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணைத் திறந்துகொண்டு கனவு காண்பேன். செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், சாலையோரம் நீ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். வாயில் இரண்டு கிளிப். என்னைப் பார்த்துத் தலையசைத்தாய். வீட்டுக்கு வந்துவிட்ட நிம்மதியில் வண்டியை உன் பக்கம் திருப்பினேன். பின்னால் பன்னிரண்டு பேர். மணல் குவியலில் முட்டி நின்றது. இன்னும் நாலடி போயிருந்தால் பள்ளம். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. நான்தான் இறங்கி நின்று அழுதேன்.

அன்றே டாக்டர் மேசையில் சாவியையும் பேட்ஜையும் வைத்து எல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்தார். இப்போது தெம்பாக இருப்பது உண்மைதான், ஆனால் இது கதிர்வீச்சு நோய் நடுவில் கொடுக்கிற ஓய்வு, ஒரு வாரம் போனால் காய்ச்சல் வரும், முடி கொட்டும், அப்புறம் எதுவும் சொல்வதற்கில்லை என்றார். மறுபடி எப்போது வண்டி எடுக்கலாம் என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், சமையல் எப்படி என்று நீ கேட்கும்போது நான் செய்வதுபோல.

இப்போது ஜன்னலோரக் கட்டில். காலில் வெயில் விழுகிறது. பசிக்கிறது. நீ கேலி செய்கிற மீசை அப்படியே இருக்கிறது.

பாப்பாவை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. விழுந்த பல்லையும் கொண்டுவரச் சொல். இன்று நான் நலம். அது தீர்வதற்குள் வா.

என்றும் உன்,
லாரி டிரைவர்