சத்தம் வராத அடி

"சண்டைப் படம் பார்த்து எந்தப் பிள்ளைடி கெட்டுப்போச்சு?" என்று கத்திவிட்டு, பதிலைக் கேட்காமலே வேலைக்கு ஓடிவிட்டீர்கள்.

இதோ பதில். நேற்று மாடி வீட்டு டீச்சர் மகன் படியில் உருண்டு விழுந்தபோது, நம் குட்டி பக்கத்திலேயே சும்மா நின்றாளாம். ஏன் என்று கேட்டேன்.

"டமால்னு சத்தமே வரலைம்மா. அதான் வலிக்கலைன்னு நெனச்சேன்."

டிவியில் அடிக்கு அடி அந்தச் சத்தம் வருகிறதே.

நீங்கள் போனதும் மாடிக்குக் கூட்டிப்போனேன். (டீச்சருக்கு நம் சண்டை வரிக்கு வரி மனப்பாடம்.) அவன் முழங்காலில் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்ததும் அவனைவிட இவள்தான் அதிகம் அழுதாள். இன்னும் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து மணிக்கு அழைத்து வாருங்கள். எனக்கு மாலை ஷிப்ட். சூப் அடுப்பில் இருக்கிறது.

பி.கு.: டிவியைத் தேடாதீர்கள். என் தம்பி வீட்டுக்குக் குடிபோய்விட்டது. அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. கெட்டுப்போக அங்கே பிள்ளை கிடையாது.