கொத்துக்கு ஒரு பிஞ்சு

14 யூன் 1987, ஞாயிறு. லாச்சப்பல்.

இன்றும் ஓல்னேயில் லூயி ஐயாவின் தோட்டத்தில் வேலை. ஆப்பிள் மரம் கொத்துக்கொத்தாகப் பிஞ்சு பிடித்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் பிஞ்சில் கைவைக்க மனம் வராமல் அப்படியே விட்டேன். போன வருடம் ஒரு பழமும் இல்லை.

"கொத்துக்கு ஒண்ணு விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடுப்பா. அப்பதான் வருஷா வருஷம் காய்க்கும்" என்றார் புதுச்சேரிக்காரரான லூயி ஐயா.

"ஓம் ஐயா. எதை விடுறது?"

"பெருசா இருக்கறதை."

கிள்ளினேன். கை தயங்கவில்லை. வாளி நிறைந்தது, கொட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகள். ஊரில் சண்டை மூண்டபோது ஒருவனைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்ப முடிந்தது. அம்மா என்னைக் காட்டினார். நான் மூத்தவனும் இல்லை, கெட்டிக்காரனும் இல்லை.

சோப்புப் போட்டும் நகத்தடியில் பச்சை போகவில்லை. ஊரில் இருக்கும் மற்ற இருவரிடமிருந்தும் மாசிக்குப் பிறகு கடிதம் இல்லை.