நீ கேட்ட போட்டோ வராது

அன்பு மகன் ரயானுக்கு அம்மா சைதூன் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் இங்கே நலம், நீயும் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை மட்டும் நிறுத்தவில்லை. உன் பெண்டாட்டி ஆஸ்மா நலமா என்று நீ கேட்டே மூன்று வாரம் ஆகிறது, அதனால் அவள் நலத்தை முதல் வரியில் எழுதவில்லை, முழுசாகப் படித்துத் தெரிந்துகொள். நான் போன் போட்டால் கேட்கலம்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் திறந்துகூடப் பார்ப்பதில்லை, குவைத்தில் எனக்கு மட்டும் டவர் கிடைக்காமல் போகிற அதிசயம் எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்து வீட்டு தௌசிஃப் வியாழக்கிழமை ஃபிளைட் ஏறுகிறான், கோவளத்தில் வாங்கிய நெத்திலிக் கருவாடும் இந்தக் கடிதமும் அவன் பெட்டியில் வருகிறது, கருவாடு உன் ரூமில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்து, கடிதம் உனக்கு மட்டும்.

நம் கேளம்பாக்கம் கடை எப்போதும் போல ஓடுகிறது. வாசலில் மறுபடியும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பெயின்ட் டப்பா வாங்க வருகிறவர்கள் பள்ளத்தைத் தாண்டி வரவேண்டியிருக்கிறது, அத்தாவுக்கு முட்டிவலி வேறு. ஆனாலும் அவர் கடையை விட்டு வீட்டுக்கு வரப் பிடிக்காமல் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறார், காரணம் நீதான். வீட்டுக்கு வந்தால் ஆஸ்மா முகத்தைப் பார்க்கவேண்டும், அந்தப் பிள்ளை சோற்றைப் போட்டுவிட்டு சமையலறைக்குள் போய் நின்றுகொள்கிறாள், அவர் பாதிச் சோற்றில் கை கழுவிவிடுகிறார். நேற்று என்னிடம், அவன் போன் பண்ணா எங்கிட்ட குடுக்காத, நான் இன்னா பேசுவேன்னு எனக்கே தெரியாது என்றார். அவர் குரலை உயர்த்திப் பேசி நீ கேட்டிருக்க மாட்டாய், எனக்கே பயமாக இருந்தது.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன், இதை மகனுக்கு எழுத எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறது. பிள்ளை உண்டாகாமல், பால் கொடுக்காமல், ஆஸ்மாவுக்கு மார்பில் பால் மாதிரிக் கசிந்தது. கமீஸ் முன்பக்கம் நனைந்து, வீட்டுக்குள்ளேயே துப்பட்டாவை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு திரிந்தாள், ஜலதோஷம் என்று நினைத்தேன், பைத்தியக்காரி நான். மாதவிலக்கும் தள்ளிப்போயிருக்கிறது. என்னிடம் சொல்லப் பயந்து, கட்டிய புருஷனிடம் சொல்வோம் என்று உன்னிடம் சொன்னாள். நீ என்ன செய்தாய், ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு வார்த்தை சொன்னாயா. நான் ஊரை விட்டு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது, உனக்கு எப்படிப் பால் வரும் என்று கேட்டாய். அதற்கப்புறம் தினமும் போன் போட்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்காமல், இன்னும் வருதா, அமுக்கிப் பாத்தியா என்று அதையே கேட்டாய், அவளும் பயத்தில் தினமும் அமுக்கிப் பார்த்திருக்கிறாள். கடைசியில் போனையே நிறுத்திவிட்டாய். உன் தங்கச்சி ஷாஹிதாவுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லி, கர்ப்பமா என்று பார்க்கிற கிட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து எனக்குப் போட்டோ அனுப்பு என்றாய். அவள் திருப்போரூரிலிருந்து பஸ் ஏறி வந்து, வாழைப்பழச் சீப்புக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கமுடியாமல் நின்றாள். அண்ணன் சொல்லிச்சும்மா, நான் இன்னா பண்றது என்று அழுதாள். ஒரே நேரத்தில் இரண்டு பெண்களை அழவைத்துவிட்டாய் ரயான், கெட்டிக்காரன்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. அந்தக் கிட்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் நாஸ்தாகூடச் சாப்பிடாமல் ஆஸ்மாவை இழுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். பெரிய ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர், நம் ஷாஹிதா வயதுதான் இருக்கும். ஒரு பக்கமா, இரண்டு பக்கமா, தானாக வருகிறதா, அமுக்கினால் வருகிறதா, ரத்தம் கலந்து வருகிறதா, கட்டி தட்டுப்படுகிறதா, தலைவலி உண்டா, கண் மங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டு பக்கமும், பால் நிறம்தான், மற்றது ஒன்றும் இல்லை என்றாள் இவள். ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ ரத்தமாக வந்தாலோ ஒருநாளும் தள்ளிப்போடக்கூடாது, அதைப் பல பெண்கள் மறைத்து மறைத்துக் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். தினமும் அமுக்கிப் பார்க்கிறேன் என்றதும் திட்டினார், அமுக்கினா இன்னும்தான் வரும், யாரும்மா அமுக்கச் சொன்னது என்றார். ஆஸ்மா உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் உன் பெயரைச் சொல்லவில்லை, பெற்ற வயிறு, என்ன செய்ய.

சிறுநீர், ரத்தம், தைராய்டு, மார்புக்கு ஸ்கேன் என்று எல்லாம் எடுத்தார்கள், கட்டி கிட்டி எதுவும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ரத்தத்தில் பால் சுரக்கச் சொல்கிற ஹார்மோன் மட்டும் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார் டாக்டர். ஒன்றும் இல்லை, கேஸ் மாத்திரை மட்டும்தான் என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதேதான் என்றார். அந்தக் கேப்சூலில் இரண்டு மருந்து கலந்திருக்கிறதாம், வயிற்றில் இருக்கிறதைச் சீக்கிரம் கீழே தள்ளிவிடுகிற அந்த இரண்டாவது மருந்து சிலருக்கு இப்படிப் பாலையும் சுரக்கவைத்து மாதவிலக்கையும் நிறுத்திவிடுமாம். இதை யார் எழுதிக் கொடுத்தது, இத்தனை மாதமா யார் விடாமல் சாப்பிடச் சொன்னது என்று கேட்டார். ஆஸ்மா தலையைக் குனிந்துகொண்டு, எங்க வூட்டுக்காரர் சொன்னாரு, அவரும் தினம் அதான் போடுறாரு என்றாள்.

ஞாபகம் வருகிறதா. நோன்புக்கு அப்புறம் நெஞ்செரிச்சல் என்று அவள் சொன்னபோது, டாக்டர் எதுக்கு, காலையில வெறும் வயித்துல இது ஒண்ணு போடு, நான் இதான் போடுறேன், சூப்பரா கேக்கும் என்று அட்டையைப் படம் பிடித்து அனுப்பியவன் நீ. மார்க்கெட்டு மெடிக்கலில் சீட்டு இல்லாமலே அட்டை அட்டையாகக் கொடுத்தார்கள். நீ சொன்னாய் என்பதற்காக ஒருநாள் தவறாமல் போட்டிருக்கிறாள். நீ சொன்னதைக் கேட்டதற்குத்தான் அவளுக்கு இந்தப் பெயர்.

இப்போது மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது, கசிவு குறைந்துகொண்டு வருகிறது, அடுத்த மாதம் மறுபடி ரத்தம் பார்ப்பார்கள், அந்த ஹார்மோன் இறங்காவிட்டால் தலைக்கு ஸ்கேன் எடுக்கவேண்டும், அதைச் சுரக்கிற இடம் மூளைக்குக் கீழேதான் இருக்கிறதாம். ஆனால் அவள் இங்கே இருக்கமாட்டாள் போலிருக்கிறது. கல்பாக்கத்திலிருந்து அவள் அத்தா ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறார், பெட்டி கட்டியாயிற்று. கோச்சிக்கினு போவல மாமி, இங்க இருந்தா போன் அடிக்குதா அடிக்குதான்னு பாத்துகினே கீறேன், அதான் என்றாள். கர்ப்பம் இல்லை என்ற ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இத போட்டோ எடுத்து அனுப்பிடலாம் மாமி, அவருக்கு நிம்மதியா இருக்கும் என்று கேட்டாள், இப்போதும் உன் நிம்மதி. நான் வாங்கிக் கிழித்துப்போட்டேன். இல்லை என்று உன்னைப் பெற்றவள் எழுதுகிறேன், அதுவே உனக்கு அதிகம். போட்டோ வராது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளைக் கூப்பிடு, எடுத்ததும் சலாம் சொல்லி உடம்பு எப்படி இருக்கிறது என்று கேள், ரிசல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, மன்னிப்புக் கேட்க நான் சொல்லித்தரவேண்டியதில்லை.

அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. மறக்காமல் இன்னொன்று, நீயும் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அங்கே ஒரு டாக்டரைப் பார். ஆம்பிளைங்களுக்கும் இது சில சமயம் மார்பில் கசியவைக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். உனக்கு வந்தால் ஆஸ்மா யாரைச் சந்தேகப்படுவாள் என்று யோசித்துப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
ப. சைதூன்