கல்லில் வெட்டப்போகும் வாசகம்

பதுளை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான் றொனிக்கு,

விஜேந்திரன் எழுதுவது. நானும் மகள் விதுஷாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கட்டாரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. கோல் எடுத்தால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் வாசித்ததற்கு நீல அடையாளம் விழுகிறது, அதோடு சரி. பஜாரில் கடை வைத்திருக்கிற நிஸாம் நானா மகனைப் பார்க்க தோஹாவுக்கு வருகிறார். அவர் கையில் நீட்டினால் நீ வாங்கித்தானே ஆக வேண்டும்.

நாங்கள் இன்னும் ஸ்கூல் மண்டபத்தில்தான் கிடக்கிறோம். போன கார்த்திகையில் மலை சரிந்து நம் லயத்து வீட்டு வரிசை மண்ணுக்குள் போனதிலிருந்து பன்னிரண்டு குடும்பம், நடுவில் சேலை கட்டி மறைத்துக்கொண்டு. ஒரு வீட்டில் இருமினால் பன்னிரண்டு வீடும் விழிக்கிறது.

செத்த ஏழு பேருக்கும் நினைவுக் கல் வைக்கப்போகிறார்கள். அந்தக் கூத்தைக் கேள். கோயில் தலைவர் சின்னராசா அண்ணன் மேலே சூலம் வேண்டும் என்றார். சர்ச் கமிட்டி யாகோப்பு ஐயா சிலுவைதான் என்றார். இதற்கு மூன்று கூட்டம். உன் அக்கா சஜீவனி எந்தப் பக்கம் என்று அரை நாள் பேச்சு. ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை என்று இவர், மஞ்சள் கயிறு கட்டினவள் என்று அவர். உயிரோடு இருந்தபோது அவளை இரண்டு பக்கமும் முழுசாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கிறார்கள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை. கல்லில் ‘இறைவன் சித்தத்தால் எம்மைப் பிரிந்தோர்’ என்று வெட்ட வேண்டுமாம். கல்லும் சீமெந்தும் தோட்ட நிர்வாகம் தருகிறது. ஏன் தராது? சாமி செய்ததற்குத் தோட்டத்துத் துரையா பதில் சொல்லப்போகிறார்?

மலை வெடிச்சிருக்குன்னு என் பொண்டாட்டி ரெண்டு தடவ ஆபீசுக்குப் போய்ச் சொன்னாளே, அதக் காதுல போட்டுக்காம விட்டதும் சாமியாண்ணே என்று கேட்டேன். அம்மனுக்கு மூணு வருசமா திருவிழா எடுக்கல தம்பி, யார என்ன சொல்றது என்றார் சின்னராசா அண்ணன். கர்த்தர் செய்றது நமக்கு வெளங்காது, கேள்வி கேக்கக் கூடாது என்றார் யாகோப்பு ஐயா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் ஆட்கள் காலம் காலமாக இப்படித்தான். காணி இல்லாததும் தலையெழுத்து, பிரஜாவுரிமையைப் பறித்ததும் தலையெழுத்து, இப்போது மண் மூடியதும் தலையெழுத்து. சாமி மேல் எனக்குக் கோபமில்லை. அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவர்கள் மேல்தான்.

விசாரணை வருகிற பதினான்காம் திகதி, பதுளைக் கச்சேரியில், அரசாங்க அதிபர் முன்னால். முன்கூட்டி யாரும் அறிவிக்கவில்லை என்று தோட்ட ஆபீஸ் எழுதிக் கொடுத்துவிட்டது. அது அப்படியே நின்றால், இது வெறும் இயற்கை அனர்த்தம் என்று முடித்து, எங்களை அதே மலைக்குக் கீழே மிஞ்சி நிற்கிற லயத்துக்கே அனுப்பப்போகிறார்கள். போய்ப் பார்த்தேன். அங்கேயும் பின்சுவரில் வெடிப்பு. என் விரல் உள்ளே போகிறது.

அக்கா அன்றைக்கு மலை வெடிப்பைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினாள். ஆபீசில் சொல்லிவிட்டு வந்ததையும் கீழே எழுதியிருந்தாள். அவள் போன் மண்ணோடு போய்விட்டது. இனி அது உன் போனில் மட்டும்தான் இருக்கிறது, திகதியோடு. மார்கழியிலிருந்து கேட்கிறேன். நீ ஏன் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும் றொனி. உன் பதிலை அவள் அன்றைக்கே எனக்கு வாசித்துக் காட்டினாள். ஜெபம் பண்ணுக்கா, ஒண்ணும் ஆகாது என்று எழுதியிருந்தாய்.

நான் செய்ததை அவள் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். மறுநாள் விடிய எலுமிச்சம்பழம் அறுத்து, குங்குமம் தடவி, வெடிப்புக்கு இரண்டு பக்கமும் வைத்தேன். கற்பூரம் கொளுத்தினேன். வேலாயி அக்கா வீட்டுக்குப் போயிரலாங்க, சாமான் தூக்க மட்டும் ஒரு ஆள் பாருங்க என்றாள் சஜீவனி. சாமிக்கு வச்சிருக்கு, பேசாம இரு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். ஆறாம் நாள் மலை வந்தது. விதுஷா பள்ளிக்கூடத்தில், நான் தேயிலை மலையில் வேலையில், அவள் மட்டும் காய்ச்சலோடு வீட்டில்.

உன்னைக் குற்றம் சொல்ல நான் யார்? பழம் வைத்த கதையை விசாரணையில் நானே சொல்லப்போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீயும் படத்தை மட்டும் வெட்டி அனுப்பாதே. வெட்டினால் பொய்ப் படம் என்பார்கள். அவள் எழுதியது, நீ எழுதியது, எல்லாம் இருக்கிறபடியே அனுப்பு.

மாமா ஏம்ப்பா நம்மளோட பேசுறதில்ல என்று விதுஷா கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய்யென்று அவளுக்குத் தெரியுமுன் ஒரு தடவை கோல் எடு.

உன் கர்த்தரும் என் அம்மனும் உனக்குத் துணை இருக்கட்டும். அந்தத் துணையை நம்பி மட்டும் பேசாமல் இருந்துவிடாதே மச்சான். உன் அக்கா இரண்டு தடவை ஆபீசில் சொன்னாள், ஒரு தடவை உன்னிடம், ஒரு தடவை என்னிடம். நாம் யாரும் கேட்கவில்லை. பதினான்காம் திகதி அவள் இன்னொரு தடவை சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமில்லாத
விஜேந்திரன்